வாய்க்காலின் மறுமுனையில் ஒரு தீவு

கொடுங்கையூரின் கறுத்த நீர் போய்ச் சேரும் கழிமுகத்தில்தான் கூழைக்கடா மீன் தேடுகிறது. அதற்கு அப்பால் உள்ள மணலில்தான் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. எண்ணூர் முதல் பழவேற்காடு வரை நீளும் தீவுகளைக் காத்துவருவது யார்? அந்தக் காவலில் நகரத்தின் பங்கு என்ன?

வட சென்னையில் தண்ணீருக்கு இரண்டு பாதைகள். ஒன்று குழாய்க்குள் வடக்கேயிருந்து வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் காட்டுப்பள்ளியில் ஓடத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் அதன் கொள்ளளவு. சென்னையின் முதல் கடல்நீர் ஆலை அதுதான். வடக்குப் பகுதிகளில் நிரம்பும் குடங்களில் அதன் தண்ணீரும் உண்டு.

இன்னொரு பாதை திறந்த வாய்க்கால். அது வடக்கே போகிறது. கொடுங்கையூர்க் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் ஊர்க் கழிவைச் சுமந்துபோய்ப் பக்கிங்காம் கால்வாயில் தள்ளுகின்றன. பக்கிங்காம் கால்வாய் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே ஊர்ந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலையாற்றோடு கலக்கிறது. அங்கே அக்கரையில் கிடக்கிறது காட்டுப்பள்ளித் தீவு.

குடிக்கக் கொடுக்கிற இடமும் அதுதான், நாம் கழித்ததை வாங்கிக்கொள்கிற இடமும் அதுதான். இருந்தும் கொடுங்கையூர்க்காரர் பலருக்குத் தீவு என்றால் அந்தமானும் லட்சத்தீவும்தான் ஞாபகம் வரும். வாய்க்காலின் மறுமுனையில் ஒரு தீவு இருப்பது புயல் வந்தால்தான் செய்தியாகும்.

மணலால் ஆன சுவர்

எண்ணூர் முகத்துவாரத்தில் தொடங்கிப் பழவேற்காடு முகத்துவாரம் வரை நீள்கிறது காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிவெளியும். பழவேற்காட்டு முகத்துவாரத்தைக் கடந்தால் ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா. ஏரிக்குள்ளே இருக்கம், வேநாடு போன்ற தீவுகள். இருக்கம் ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது, அங்கே பேச்சு தமிழ். இந்தத் தீவு வரிசைக்குப் பின்னால் பாதுகாப்பாகப் படுத்திருக்கிறது பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து ஆழமில்லாத சேற்றில் தலைகீழாக அலகை வைத்து மேயும். ஆந்திரப் பக்கத்தில் நேலப்பட்டு மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள் மீனுக்கு இங்கே வரும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம்.

காட்டுப்பள்ளி ஒரு சுவர். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணலும் பனையும் எழுப்பிய சுவர். புயல் அலை அதில் மோதி வேகம் குறைகிறது. அதன் மணல்மேடுகள் மழைநீரைப் பிடித்து வைத்து, உப்பு உள்ளே ஏறாமல் தடுக்கின்றன. சுவர் அறுந்தால் ஏரி கடலோடு கலந்துவிடும் என்பது பழவேற்காட்டுக்காரர்களின் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம், ராயபுரத்துக்குப் போனால் போதும். இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த ஓட்டம் தடைப்பட்டது. தடுத்த மணல் தெற்கே குவிந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம் கரைந்தது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அந்தப் பழைய கணக்கின் பாக்கி. தென் சென்னைக்கு உலாவக் கடற்கரை கிடைத்தது, வட சென்னைக்குக் கல் கிடைத்தது.

எண்ணூருக்கு வடக்கே 2001-ல் ஒரு துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்) வந்தது, 2013-ல் காட்டுப்பள்ளியில் இன்னொன்று. காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் தங்கள் கரையை விட்டுக்கொடுத்து வேறிடம் குடியேறினார்கள். இரண்டாவது துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கும் மேல் விரிவாக்கும் திட்டம் எழுந்தபோது, மணல் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மீனவக் கிராமங்கள் எதிர்த்தன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன.

பாடு: முறையும் வலியும்

பழவேற்காட்டில் புழங்கும் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தீவுகளின் கதையைச் சொல்ல முடியாது. அந்தச் சொல், பாடு.

ஏரியில் எல்லா இடமும் ஒன்று போல இல்லை. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் இறால் நடமாட்டம் அதிகம். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் முதல் வாரம் சண்டை, அடுத்த வாரம் பஞ்சம். அதனால் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த முறையைத் தலைமுறைகளாகப் பகிர்ந்துவந்திருக்கின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் சுற்றி வரும். ஊர்ப் பஞ்சாயத்துதான் காவல். மீன்வளம், கடல் உயிரினம் என்றெல்லாம் சட்டம் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு தண்ணீரில் எத்தனை வலை தாங்கும் என்று ஊர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

அந்தக் கணக்கில் குறையும் உண்டு. பாடு குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களுக்குத்தான். அதே தண்ணீரில் பிழைக்கிற மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. கழிமுகத்திலும் கால்வாயிலும் மார்பளவு நீரில் மணிக்கணக்காக இறங்கி நிற்கிற இருளர் பெண்களுக்கு வலையும் இல்லை, சீட்டும் இல்லை. பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி, இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போடுகிறார்கள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது சோதனைச்சாலைக்குத் தெரிவதற்கு முன் அவர்கள் தோலுக்குத் தெரியும்.

மீனவர் பேச்சில் கிடைத்த மீன் 'மீன்பாடு'. வலை போடும் முறை 'பாடு'. பட்ட கஷ்டமும் 'பாடு'. மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகிற இடம் இது.

எண்ணெய், சாம்பல், காக்கா ஆழி

எண்ணூரில் கழிமுகத்தைக் கழிமுகம் என்று யாரும் சொல்வதில்லை. 'ஆறு' என்பார்கள். ஆற்றில் தொழில், கடலில் தொழில் என்று இரண்டு பிழைப்பு. கடல் கொந்தளிக்கிற நாளில் ஆறு சோறு போடும். மடவை, கொடுவா, இறால், நண்டு, மட்டி என்று ஆறு கொடுத்ததற்குப் பட்டியல் நீளும்.

அனல்மின் நிலையங்கள் வந்தபின் ஆற்றுக்குச் சாம்பல் வந்தது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குட்டைக்கு அனுப்பும் குழாய்கள் ஆற்றைத் தாண்டிப் போகின்றன. குழாய் ஒழுகும் இடமெல்லாம் சாம்பல் படிந்தது. படகு ஓடிய இடத்தில் இறங்கி நடக்கலாம் என்ற நிலை. சாம்பல் குட்டைகளுக்கு நடுவே செப்பாக்கம் என்று ஒரு கிராமமே சிக்கிக்கொண்டது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். படிந்த சாம்பலை அகற்றி ஆற்றை மீட்க வேண்டும் என்று 2022-ல் உத்தரவு வந்தது.

மீனவர்கள் கையில் எடுத்த இன்னொரு ஆயுதம் ஒரு பழைய வரைபடம். கழிமுகம், அலையாத்தி, உப்பளம் எல்லாம் சேர்ந்து சுமார் 6,500 ஏக்கரில் கட்டடம் எழுப்பக் கூடாது என்று காட்டிய 1996-ஆம் ஆண்டு அரசு வரைபடம் அது. பிறகு வந்த வரைபடத்தில் அந்தப் பாதுகாப்பு காணாமல் போயிருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில்தான், 2017-ல், டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூரைக் கர்நாடக சங்கீதக் கச்சேரிக்காரர்களின் காதுக்குக் கொண்டுபோனது.

அதே 2017-ல், ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. வாளியும் கையுறையுமாக மீனவர்களும் மாணவர்களும் அள்ளினார்கள். ஏழு ஆண்டு முடிவதற்குள் அடுத்தது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் நகரத்தை மூழ்கடித்தபோது, வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்த எண்ணெய் அது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. கழிமுகம் முழுக்கக் கறுப்புப் படலம். வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குப் பிசுக்குக் கோடு. படகும் வலையும் வீணாயின. எண்ணெய் படிந்த இறகோடு கூழைக்கடாக்கள் அலையாத்திக் கிளைகளில் உட்கார்ந்திருந்தன. பறக்கும் தெம்பு இருந்ததால் அவற்றைப் பிடித்துக் கழுவிவிடவும் மீட்புக் குழுவால் எளிதில் முடியவில்லை. ஆற்றை வழித்தெடுக்க முதலில் இறங்கிய கைகள் அதே குப்பங்களின் கைகள்தான். எந்த மடுவில் எண்ணெய் தேங்கும், எந்த ஓதத்தில் அது வெளியே நகரும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

கண்ணுக்குத் தெரிந்த எண்ணெயை அள்ளலாம். அடியில் வளர்வதை என்ன செய்வது? தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம் இந்த ஆற்றில் பரவியிருக்கிறது. மீனவர்கள் வைத்த பெயர் 'காக்கா ஆழி'. கப்பல்கள் சமநிலைக்காக வயிற்றில் நிரப்பி வரும் கடல்நீரில் இப்படிப்பட்ட உயிர்கள் கடல் தாண்டி வரும். காக்கா ஆழி கொத்துக் கொத்தாக ஒட்டி, சேற்றின் மேல் தளம் போட்டதுபோல் மூடிவிடுகிறது. இறால் புதைந்துகொள்ள மெத்தென்ற சேறு வேண்டும். அது கிடைப்பதில்லை. ஊர் மட்டியும் அடியில் மாட்டிக்கொள்கிறது. தடுக்கி விழுந்தால் காலைக் கிழிக்கும். எண்ணூரைத் தாண்டிப் பழவேற்காடு பக்கமும் இது தலைகாட்டியபோது, மனு எழுதி அதிகாரிகளிடம் கொண்டுபோனவர்கள் மீனவர்கள்தான்.

பங்குனி ஆமை

தை பிறந்தால் இந்தக் கரைக்கு இன்னொரு விருந்தாளி. சிற்றாமை என்று புத்தகம் சொல்லும். பங்குனி வரை வந்து முட்டையிடுவதால் கடலோரத்தில் இதற்குப் பங்குனி ஆமை என்றே பெயர். இரவில் கரையேறி, பின்னங்கால்களால் குழி பறித்து, நூறு முட்டை அளவுக்கு இட்டு, மணலை மூடித் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெளிவந்த குஞ்சு எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே ஓடும். ஒரு காலத்தில் அது கடல்மேல் விரிந்த வானத்தின் வெளிச்சம். இப்போது தெருவிளக்கும் துறைமுக விளக்கும் அதை ஏமாற்றுகின்றன. அதனால்தான் வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, பொரிந்ததும் கடலில் விடுகிறார்கள். தென் சென்னைக் கரையில் மாணவர்கள் 1988 முதல் ஆண்டுதோறும் இந்தக் காவலைச் செய்துவருகிறார்கள்.

2025 ஜனவரியில் அந்தக் காவலர்கள் எண்ணியது முட்டைகளை அல்ல, சடலங்களை. சென்னையை ஒட்டிய கரைகளில் சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் வர முடியாது, மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். ஆமைகள் கூடுவதும் அந்த ஐந்து மைலுக்குள்தான்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களும் கூண்டில் ஏறியாக வேண்டும். வட சென்னையின் விசைப்படகுகள் பெரும்பாலும் கிளம்புவது காசிமேட்டிலிருந்துதான். ஆற்றைக் காக்கப் போராடுபவரும் மீனவர், ஆமை சாகும் வலைக்குச் சொந்தக்காரரும் மீனவர். தொழிலின் அளவு மாறும்போது கடலோடு உள்ள உறவும் மாறிவிடுகிறது. வலைக்குள் கம்பிச் சட்டம் பொருத்தி, ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் ஏற்பாடு ஒன்று பல காலமாக இருக்கிறது. மீனும் சேர்ந்து தப்பிவிடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். அந்த ஏற்பாடு இல்லை என்று காரணம் காட்டி, இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்குவதில்லை. இந்த நட்டமும் படகுக்காரர் தலையில்தான் விழுகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் உண்டு. அது தொடங்கும்போது ஆமைகளின் முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும்.

ஆமையைத் தேடிப் போனவர்

*மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர் சதீஷ் பாஸ்கர். மனம் கடலில் இருந்தது. 1970-களில் ரோமுலஸ் விட்டேக்கரின் மெட்ராஸ் பாம்புப் பண்ணையோடு சேர்ந்து, நகரத்துக் கடற்கரையில் இரவு நடந்து ஆமை முட்டைகளைத் தேடியவர்களில் ஒருவர். பிறகு லட்சத்தீவு, அந்தமான், நிகோபார் என்று தீவு தீவாகப் போய், எந்தக் கரையில் எந்த ஆமை ஏறுகிறது என்று பதிவு செய்தார். 1982-ல் லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலி வலியகரா தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியாகத் தங்கினார். படகு வராத அந்த மாதங்களில் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, கடிதம் வீடு வந்தது. 2023-ல் பாஸ்கர் காலமானார். தொலைதூரத் தீவுகளின் ஆமைக் கணக்கு நம் நகரத்துக் கடற்கரையில் நடந்த நடையில்தான் தொடங்கியது.*

தெற்கே ஒரு பாடம்

முறை வைத்துப் பிழைப்பது பழவேற்காட்டோடு முடிவதில்லை. மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. பூங்கா வந்ததும் தீவோரத்தில் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் குற்றவாளிகள்போல் விரட்டப்பட்டார்கள். அவர்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் தீவுகளைக் காப்போருக்கான சீகாலஜி விருது கிடைத்தது. பக்கத்துப் பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் அந்த உயிர் வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுவிப்பது இப்போது அந்தக் கரையில் வழக்கமாகிவருகிறது. வேலி போட்டுக் காத்ததைவிட, தண்ணீரில் இறங்குகிறவர் தானே வைத்த விதி அங்கே நீடித்திருக்கிறது.

கொடுங்கையூரின் முறை

பக்கிங்காம் கால்வாயின் வடக்குத் துண்டு 1806-ல் எண்ணூர் வரை வெட்டப்பட்டது. பின்னால் பழவேற்காடு வரை போய், அதற்கும் அப்பால் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் நகரத்துக்குள் அதை இணைத்தார்கள். விறகும் உப்பும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் அதில் படகேறித் தெற்கே வந்தன. தீவு நகரத்துக்கு அனுப்பிய சரக்கு அது. இப்போது நகரம் பதிலுக்கு அனுப்புவது என்ன என்று பார்க்க, மழைக்கு மறுநாள் கொடுங்கையூர்க் கால்வாய்ப் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

கொடுங்கையூருக்குப் பாடு புதிதல்ல. நாற்பது ஆண்டுகளாக வட சென்னையின் குப்பையைச் சுமக்கிற ஊர் இது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கும்போதே எரிவுலைத் திட்டம் வந்தது. 2025 மே மாதம் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். புகை எங்கள் தலையில் வேண்டாம் என்று நாம் சொன்ன அதே வார்த்தையைத்தான் காட்டுக்குப்பம் சாம்பலைப் பற்றிச் சொல்லியது, பழவேற்காடு துறைமுகத்தைப் பற்றிச் சொல்லியது.

நம்மிடம் வழியும் இருக்கிறது. கழிவுநீரை நுண்வடிகட்டியில் சுத்தம் செய்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்பும் நிலையம் 2019 முதல் கொடுங்கையூரிலேயே ஓடுகிறது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அதன் திறன். அந்தக் குழாயில் போகிற ஒவ்வொரு லிட்டரும் கால்வாயில் இறங்காத லிட்டர். ஆலைக்கு நல்ல தண்ணீர் மிச்சம், ஆற்றுக்கு ஒரு சுமை குறைவு. வீட்டில் மக்கும் குப்பையைத் தனியே கொடுப்பது, கால்வாய்க்குக் கம்பி வலை கேட்டு மன்றக் கூட்டத்தில் சண்டை போடுவது, எரிவுலைக்கு எதிராகக் கைகோத்த சங்கத்தின் நிகழ்ச்சி நிரலில் கழிமுகத்தையும் ஒரு வரி சேர்ப்பது ஆகியவை பெரிய தியாகம் கேட்கிற காரியங்கள் அல்ல.

பழவேற்காட்டில் சீட்டுக் குலுக்கும்போது யாருக்கு எந்த இடம் என்று முன்கூட்டித் தெரியாது. எந்த இடம் வந்தாலும் ஏற்றுக்கொள்வதுதான் முறை. தீவின் பக்கத்தில் இருப்பவர்கள் எண்ணெய் அள்ளியாயிற்று, வழக்குப் போட்டாயிற்று, முட்டைக்குக் காவல் இருந்தாயிற்று. வாய்க்காலின் இந்த முனையில் இருக்கிற நம் பெயர் அந்தச் சீட்டுகளில் இதுவரை இல்லை. தை பிறப்பதற்குள் எழுதிப் போட்டுவிட்டால், இந்தப் பங்குனிக்கு நம் பாடும் ஒன்று இருக்கும்.